இன்னைக்கு எத்தனை?

பூஜ்யம் என்று சொல்கிற பிள்ளையை நான் லேசில் நம்ப மாட்டேன். மூன்று சொல்லட்டும், நம்புவேன். ஏழு சொல்லட்டும், நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்காருவேன். பூஜ்யம் என்றால் மட்டும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். பதினாறு வயதில் மூக்கில் ஒரு பரு வந்தாலே உலகம் இருண்டுவிடும். அந்த வயதில் ஏது பூஜ்யம்?

பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில், குழந்தைகள் மனநலப் பிரிவில் நான் ஆலோசகர். பெயர் சித்ரலேகா. தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்கிற பிள்ளைகள், சாக வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைகள், இவர்கள்தான் என்னிடம் வருவார்கள். வந்ததும் முதல் வேலையாக, கத்திரிக்காய் விலை கேட்கிற குரலில் கேட்டுவிடுவேன்: "செத்துப்போகணும்னு தோணுதா? துளிகூட இல்லைன்னா பூஜ்யம், தாங்கவே முடியலைன்னா பத்து. இன்னைக்கு எத்தனை?" குரல் கொஞ்சம் குழைந்தாலும் போச்சு. பரிதாபம் வருகிற வாசனையைப் பிள்ளைகள் தெருமுனையிலேயே பிடித்துவிடுவார்கள்.

எங்கள் ஊரில் கோபம் வந்தால் பிள்ளையைச் 'சவமே' என்று கூப்பிடுவது வழக்கம். பாசம் வந்தாலும் அதேதான். இந்த வேலைக்கு வந்த பிறகு என் வீட்டில் அந்த வார்த்தையைத் தடை செய்தேன். தடையை மீறி நானே வாரத்துக்கு நாலு தடவை சொல்லிவிடுகிறேன், அது வேறு விஷயம். எனக்குப் பொறுமை கிடையாது. இந்த வேலைக்குப் பொறுமைதான் மூலதனம் என்று யாராவது சொன்னால் அவர்களோடும் சண்டை போடுவேன்.

ஜூன் மாதம் மேலப்பாளையத்திலிருந்து நபீசா வந்தாள். முழுப்பெயர் நஃபீஸத். பதினோராம் வகுப்பு. கையில் இருந்த காயங்களைப் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் பார்த்துவிட்டு அனுப்பியிருந்தார். கூட அவளுடைய உம்மா சபீதாவும், உம்மாவின் தம்பி மதாரும் வந்திருந்தார்கள். மதார் ஆட்டோ ஓட்டுகிறவர். வாப்பா சேக் முகம்மதுக்கு வளைகுடாவில், தம்மாமில் ஒரு கடையில் வேலை. என்ன காரணம் என்று எல்லோரும் என்னிடம் கேட்பார்கள். ஒரே ஒரு காரணம் இருந்துவிட்டால் என் பிழைப்பு எவ்வளவு லேசாக இருக்கும்! படிப்பு, தோழியோடு சண்டை, தூக்கமில்லாமை, சொல்லத் தெரியாத ஒரு கனம் என்று எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்திருந்தது.

"இன்னைக்கு எத்தனை?" என்றேன்.

"எட்டு."

உடனே எழுந்துபோய் டாக்டர் அம்பலவாணனைக் கூட்டி வந்தேன். அவர்தான் எங்கள் பிரிவின் மனநல மருத்துவர். அன்றைக்கே வார்டில் சேர்த்தோம். எட்டு நாள் வைத்திருந்து, மருந்து கொடுத்து, பேசி, எண் ஐந்துக்கு வந்தபிறகு வீட்டுக்கு அனுப்பினோம். அனுப்புவதற்கு முன்னால் வீட்டாரை உட்கார வைத்துப் பேசுவது எங்கள் முறை. ஆபத்தான பொருள், மாத்திரை எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். கொஞ்ச நாளைக்குத் தனியாக விடாதீர்கள். மூன்றாவது, சாகத் தோன்றுகிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

சபீதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "மவுத்தப் பத்திப் பெத்த பிள்ளைகிட்ட எப்படி மேடம் கேக்கது? கேட்டா அந்த நெனப்பு வந்துராதா?"

"கேக்கதுனால வராது. கேக்காம விட்டாத்தான் அவ தனியா அதச் சுமந்துக்கிட்டு அலைவா. சோறு தின்னியான்னு கேக்க மாதிரி கேளுங்க. கூச்சப்படாதீங்க."

மதார் அதுவரை பரீட்சை எழுதுகிறவர் மாதிரி ஒரு தாளில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தார். "யாரு யாரு கேக்கலாம் மேடம்?"

"நெருங்கின சொந்தம் யாரு வேணும்னாலும் கேக்கலாம்."

இதைச் சொன்ன வாயை நான் பிறகு பலமுறை அடித்துக்கொண்டேன். நான் டவுனில் பிறந்து வளர்ந்தவள். பாலத்தைத் தாண்டினால் மேலப்பாளையம். அங்கே பெண் எடுப்பதும் கொடுப்பதும் ஊருக்குள்ளேயேதான் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஒரு தெருவில் நடந்து போனால் வலது பக்கம் சாச்சி, இடது பக்கம் மாமி, எதிரே வருகிறவர் இரண்டு வழியிலும் அண்ணன் முறை, காக்கா. நெருங்கின சொந்தம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் அது எங்கே போய் நிற்கும்?

இரண்டு வாரம் கழித்து நபீசா என் அறைக்குள் புயல் மாதிரி வந்தாள். முதல் தடவை வந்தபோது தரையைப் பார்த்தபடியே இருந்த பிள்ளை. பையைத் தொப்பென்று மேசையில் போட்டாள்.

"மேடம், நீங்க என்ன சொல்லி அனுப்பினிய? தெருவே கேக்கு!"

"என்ன கேக்கு?"

"காலைல பல்லு வெளக்கையில உம்மா கேக்கா. டீ குடிக்கையில மாமா கேக்காரு. எதுத்த வீட்டுல பன்னெண்டு பேரு சேந்து உக்காந்து பீடி சுத்துவாவ. பன்னெண்டு பேரும் தட்ட மடில வச்சுக்கிட்டு வரிசையாக் கேக்காவ. பாத்ரூம்ல கொஞ்சம் நேரமாயிட்டா பக்கத்து வீட்டு ஷமீம் மாமி வெளிய நின்னு, 'எளா, நம்பர மட்டும் சொல்லிட்டு அப்புறம் குளி'ங்கா. கறிக்கடைக்குப் போனா காக்கா எலும்ப வெட்டிக்கிட்டே, 'என்ன நபீசா, இன்னைக்கு மவுத்தாவணும்னு தோணுதா? அரைக் கிலோவா, ஒரு கிலோவா?'ன்னு ஒரே மூச்சுல கேக்காரு மேடம்!"

"நீ என்ன சொன்ன?"

"மொதல் கேள்விக்கு இல்லைன்னேன். ரெண்டாவதுக்கு ஒரு கிலோன்னேன்."

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பொத்தவில்லை. இருபது வருடத் தொழில் அடக்கம் எல்லாம் காற்றில் போய், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பக்கத்து அறையிலிருந்து அம்பலவாணன் டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, யார் நோயாளி என்று சந்தேகப்பட்ட முகத்தோடு கதவைச் சாத்திக்கொண்டு போனார். அன்றைக்கு நபீசாவின் எண் நாலு. நல்ல, நம்பத் தகுந்த நாலு.

ஆனால் விட முடியாது. ஒரு பிள்ளையின் அந்தரங்கம் கறிக்கடையில் தொங்கக் கூடாது. மதாரை உள்ளே கூப்பிட்டேன். அவர் ரொம்பப் பெருமையாக வந்து தன் போனைக் காட்டினார். வாட்ஸ்அப்பில் ஒரு குழு. பெயர் 'நபீசா இன்னைக்கு'. நாற்பத்து மூன்று உறுப்பினர்கள். தினமும் காலை ஏழரைக்கு மதார் எண்ணைப் போடுவார். குறைந்திருந்தால் தோஹாவிலிருந்து கைதட்டு, தம்மாமிலிருந்து பூங்கொத்து, துபாயிலிருந்து 'மாஷா அல்லாஹ்'. ஒரு எண் கூடியிருந்தால் நாற்பத்து மூன்று பேரும் துஆ கேட்டுப் பிரார்த்தனை. யாரோ ஒருவர் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி வாரச் சராசரிகூடப் போட்டு வைத்திருந்தார்.

"இது என்னவே?" என்றேன். கோபத்தில் மரியாதை மறந்துவிட்டது.

மதாரின் முகம் சுருங்கிப்போயிற்று. "நீங்கதான மேடம் சொன்னிய, நெருங்கின சொந்தம்னு. இவிய எல்லாரும் நெருங்கின சொந்தம்தான். தூரத்துச் சொந்தத்த நான் சேக்கவே இல்லயே."

அவர்மேல் என்ன தப்பு? நான் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறார். என் புத்தியைத்தான் திட்டிக்கொண்டேன். யார் கேட்கலாம் என்பதை நபீசாதான் முடிவு செய்ய வேண்டும், அவள் விரும்பினால் குழுவை இப்போதே கலைத்துவிடலாம் என்றேன். நபீசா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "கறிக்கடை காக்காவ மட்டும் எடுத்துருங்க. மத்தவிய இருக்கட்டும் மேடம்" என்றாள். "முந்தியெல்லாம் எங்கிட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ. மார்க் எவ்வளவுன்னு கேப்பாவ, அவ்வளவுதான்." அவளே சொன்னதால் நான் ஒப்புக்கொண்டேன். அது என் இரண்டாவது தப்பு.

ஜூலையில் எண் மூன்றுக்கு வந்தது. பிறகு இரண்டு. ஒரு நாள் காலையில் பூஜ்யம். அன்றைக்கு மேலப்பாளையத்தில் அந்தத் தெருவே பெருநாள் கொண்டாடியதாம். பாத்திஹா ஓதி, ஓதிய இனிப்பை, நார்சாவை, வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கும் வெல்லமும் தேங்காயும் போட்ட அரிசிமாவில் ஒரு டப்பா வந்தது. டாக்டருக்கு ஒன்று, வாசலில் இருக்கிற செக்யூரிட்டி நெல்லையப்பனுக்கு ஒன்று. தம்மாமிலிருந்து சேக் முகம்மது எனக்கே ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். பேச்சு பாதியில் நின்றுபோய், மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. மறுநாளும் பூஜ்யம். அதற்கு மறுநாளும். அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் பூஜ்யம்.

எனக்கு உள்ளுக்குள் அரிக்க ஆரம்பித்தது. நல்லாயிருக்கிற மனுசிக்குக்கூட மழை, வெயில் என்று ஏறி இறங்கும். இது மட்டும் பெயிண்ட் அடித்து வைத்த மாதிரி அசையாமல் நிற்கிறது. என்னிடம் வந்தபோதும், நான் கேட்டு முடிப்பதற்குள்ளேயே 'சைபர்' என்று சிரித்தாள். உதடு மட்டும் சிரித்தது. தோண்டித் தோண்டிக் கேட்டும் ஒன்றும் பெயரவில்லை.

"நல்லாத்தான இருக்கு. இனி மாசம் ஒரு தடவ வரட்டுமே" என்றார் அம்பலவாணன் டாக்டர்.

"சார், இது பொய்."

"ஆதாரம்?"

"பூஜ்யம்தான் ஆதாரம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என்னிடமும் எண் கேட்கலாமா என்று யோசித்திருப்பார். ஆனாலும் நல்ல மனிதர். இன்னும் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். அந்த ஒரு தடவைதான் எனக்கு இருந்தது. அதில் அவள் வாயிலிருந்து உண்மையான எண் வரவில்லை என்றால், அவள் அந்தப் பூஜ்யத்துக்குப் பின்னால் ஒரு மாதம் தனியாக இருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நெல்லையப்பன் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"மேடம், மேலப்பாளையத்துலருந்து ஒரு வேன் ஆளு வந்திருக்கு. ஒரு நோயாளிக்கு ஒரு ஆளுதான்னு சொன்னா, 'நாங்க பத்தொம்பது பேரும் ஒரே ஆளுதான் அண்ணாச்சி'ங்காவ. எங்கிட்டயும் நம்பர் கேக்காவ மேடம்."

"நீங்க என்ன சொன்னிய?"

"மூணுன்னேன். முட்டு வலிக்கு ஒண்ணு, மத்த ரெண்டு சும்மா."

மத்தியானம் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தச் சும்மா இரண்டைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டு வெளியே போனேன்.

நடைபாதை முழுக்கக் கல்யாண வீடு மாதிரி இருந்தது. சேக் முகம்மது இரண்டு வருடம் கழித்து விடுமுறையில் வந்திருக்கிறார். இருபத்தொரு நாள். ஆஸ்பத்திரியில் கடைசி பூஜ்யத்தையும் வாங்கிக்கொண்டு நேராகக் காயல்பட்டினம் கடற்கரைக்குப் போவது என்று திட்டம். துணி சுற்றிய பெரிய பிரியாணிச் சட்டியை வேனில் வைத்தால் வெயிலில் கெட்டுவிடும் என்று உள்ளேயே தூக்கி வந்துவிட்டார்கள். 'உணவுப் பொருட்கள் கொண்டுவரக் கூடாது' என்ற பலகைக்கு நேர்கீழே அது உட்கார்ந்திருந்தது. யாரோ ஒரு பொடிப்பெண் கையில் சிவப்புப் பந்து. நாலு பெண்கள் ஒரே நேரத்தில் எனக்கு சலாம் சொன்னார்கள். சேக் முகம்மது புதுச்சட்டையில் இருந்த மடிப்புக்கூடக் கலையாமல் போனைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார்.

"மேடம், நபீசா நம்பர் சொல்லுதத வீடியோ எடுத்துக்கிடலாமா? ரூமுல எங்கூட இருக்கவிய எல்லாரும் கேட்டாவ."

"முடியாது" என்று அவரை வெளியில் நிறுத்திக் கதவைச் சாத்தினேன்.

உள்ளே நானும் நபீசாவும் மட்டும். புதுத் துப்பட்டா போட்டிருந்தாள். கன்ன எலும்பு தூக்கலாகத் தெரிந்தது.

"இன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"சைபர்."

"நான் இன்னும் கேக்கவே இல்ல."

"கேக்கத்தான போறிய."

எனக்கு வந்ததே கோபம்! பேனாவை மேசையில் போட்டேன். அது உருண்டு கீழே விழுந்தது. "எனக்கு இந்தப் பூஜ்யம் வேண்டாம். எடுத்துக்கிட்டுப் போ. நான் உங்கிட்ட நல்ல நம்பர் கேக்கல நபீசா. இருக்க நம்பரக் கேக்கேன். பத்துன்னு சொல்லு, நான் கத்த மாட்டேன், அழ மாட்டேன். கீழ கிடக்க பேனாவ எடுத்து எழுதுவேன். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

அவள் பேனாவைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். வெளியே யாரோ பந்தைத் தட்டுகிற சத்தமும், ஷமீம் மாமி அதட்டுகிற சத்தமும் கேட்டன.

"அங்கன எல்லாரும் இருக்காவ மேடம். வாப்பா ரெண்டு வருசம் கழிச்சு வந்திருக்காவ. உம்மா ராத்திரியே கறிய ஊறப் போட்டா. பந்து வாங்கியிருக்காவ." குரல் உடைந்தது. "நான் வேற நம்பர் சொன்னா எல்லாம் போச்சு. எல்லாரும் வீட்டுக்குத் திரும்பி உக்காந்து அழுவாவ. மாமா அந்தக் குரூப்புல என்னத்தப் போடுவாரு?"

"உங்க மாமா வாட்ஸ்அப்புல என்ன போடணும்ங்கதா இப்ப நம்ம கவல?"

அழுதுகொண்டிருந்தவள் நடுவில் களுக்கென்று சிரித்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தன. மூக்கைத் துடைத்தாள்.

"அஞ்சு" என்றாள்.

எனக்கு உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? ஒரு பிள்ளை சாவைப் பற்றி நினைக்கிறேன் என்கிறது, கேட்கிறவளுக்கு எழுந்து ஆட வேண்டும் போல் இருக்கிறது. வேறு எந்தத் தொழிலில் இப்படி ஒரு கூத்து உண்டு? குனிந்து பேனாவை எடுத்தேன். எழுந்தபோது என் முகம் எப்படி இருந்ததோ, அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"என்ன மேடம் சிரிக்கிய?"

"சந்தோசமா இருக்கு. சொல்லு, எத்தன நாளா அஞ்சு?"

பதினோரு நாள். பிறகு கேட்க வேண்டியதையெல்லாம் ஒன்று விடாமல் கேட்டேன். ஏதாவது செய்வதாகத் திட்டம் உண்டா, எதையாவது எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாயா, மறுபடி கையைக் காயப்படுத்திக்கொண்டாயா. எல்லாவற்றுக்கும் நிதானமாக யோசித்துப் பதில் சொன்னாள். இல்லை, இல்லை, இல்லை. "வருது, போவுது. செய்யணும்னு இல்ல மேடம். ஒரு நாள் மட்டும் கை பரபரன்னுச்சு. பைய எந்திரிச்சு எதுத்த வீட்டுக்குப் போயி, பீடி சுத்துதவிய பக்கத்துல உக்காந்து எல வெட்டிக் குடுத்தேன். சரியாயிட்டு. அதக்கூட யாருகிட்டயும் சொல்ல முடியல. சொன்னா சைபர் போயிருமே."

பூஜ்யத்துக்கு இனிப்புக் கொடுத்தால் பிள்ளை பூஜ்யம்தான் சொல்லும். இது எந்த டியூஷன் டீச்சருக்கும் தெரியும். எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அம்பலவாணன் டாக்டர் வந்து அவளோடு அரைமணி நேரம் பேசினார். மருந்தைக் கொஞ்சம் மாற்றி எழுதினார். வார்டில் சேர்க்க வேண்டியதில்லை, பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், திங்கட்கிழமை மறுபடி வர வேண்டும், கடலுக்குப் போகலாம் என்றார். வெளியே போகும்போது என் காதோரம், "மாசம் ஒரு தடவன்னு சொன்னது நான் இல்ல" என்றார்.

"வீட்டுல தெரியணும் நபீசா. உம்மாகிட்ட நான் சொல்லவா, நீ சொல்லுதியா?"

"நானே சொல்லுதேன். எல்லாருக்கும் ஒரே தடவையாச் சொல்லிருதேன். இல்லைன்னா பத்தொம்பது தடவ சொல்லணும்."

"நெசமாவா? உம்மாகிட்ட மட்டும் சொன்னாப் போதும்."

"நெசமாத்தான் மேடம்."

கதவைத் திறந்தாள். பேச்செல்லாம் நின்றது. மதார் கட்டை விரலைப் போன்மேல் தயாராக வைத்திருந்தார். நபீசா துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"அஞ்சு" என்றாள். குரல் நடுங்கினாலும் நடைபாதைக் கடைசி வரைக்கும் கேட்டது.

மதாரின் விரல் அந்தரத்தில் நின்றது. சேக் முகம்மதுதான் முதலில் வாயைத் திறந்தார். பதினாறு வயது மகளின் முன்னால் அவர்தான் சின்னப் பிள்ளை போல நின்றார்.

"அஞ்சா? நான் வந்த பொறவுமா?"

நபீசா அவருடைய கையைப் பிடித்தாள்.

"நீங்க வந்ததுனாலதான் வாப்பா சொல்லுதேன். போன்ல சொன்னா அங்கன என்ன செய்விய? ரூமுல எட்டுப் பேரு இருக்காவ. அவிய முன்னாடி அழவும் மாட்டிய."

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மகளின் கையை விடவில்லை. அழவும் இல்லை. புதுச்சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு நன்றாக ஒரு மூச்சு விட்டார்.

அதற்குள் ஷமீம் மாமி என்மேல் பாய்ந்தார். "மேடம், எட்டுன்னா ஆஸ்பத்திரிக்கு வரணும், சரி. சைபர்ன்னா நார்சா, சரி. அஞ்சுக்கு என்ன செய்யணும்னு நீங்க சொல்லவே இல்லயே!"

சரியான கேள்வி. நான் சொல்லவில்லைதான். நான் வாயைத் திறப்பதற்குள் பத்தொன்பது பேரும் ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். தர்காவுக்குப் போகலாம், வேண்டாம் வீட்டுக்குப் போகலாம், ஐஸ்கிரீம் வாங்கலாம், அவளை நடுவில் உட்கார வைத்து எல்லோரும் சுற்றி உட்காரலாம், வேண்டவே வேண்டாம் மூச்சு முட்டும், அப்படியென்றால் ஜன்னல் ஓரம். நெல்லையப்பன்கூட ஒரு யோசனை சொன்னார், ஒருத்தரும் காதில் வாங்கவில்லை.

"எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க!" என்றார் சேக் முகம்மது. பிறகு மகளைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. அஞ்சுக்கு நாங்க என்ன செய்யணும்?"

நபீசா யோசித்தாள். இப்படி ஒரு கேள்வியை அவளிடம் நான்கூடக் கேட்டதில்லை.

"கடலுக்குப் போவணும். போற வழில ஒருத்தரும் நம்பர் கேக்கக் கூடாது. எம் மூஞ்சிய மூஞ்சியப் பாக்கக் கூடாது. வேன்ல எம் பக்கத்துல ஷமீம் மாமி உக்காரட்டும். மாமிதான் ஏறுன ஒடன தூங்கிரும்." எல்லோரும் சிரித்தார்கள், ஷமீம் மாமி உட்பட. "அஞ்சு வந்தா, அஞ்சுன்னு நான் வந்து சொல்லுவேன். ஒடனே துஆ கேட்டு அழக் கூடாது. சரிளா, வா, எல வெட்டுன்னு கூப்பிடணும்."

"அப்புறம்?"

"அப்புறம்... இப்பப் பசிக்கி."

"என்ன சொன்ன?" என்றார் சபீதா. அதுவரை சுவரோரமாக நின்று ஒரு வார்த்தை பேசாதவர்.

"பசிக்கி உம்மா."

சபீதா சுவரைப் பிடித்துக்கொண்டார். "பதினோரு நாளா தட்டுல சோறு அப்படியே கெடந்துச்சு. எனக்குத் தெரியும்ளா. நீ சைபர்ன்னு சொல்லும்போதெல்லாம் பொய்யின்னு எனக்குத் தெரியும். எல்லாரும் சந்தோசமா இருக்காவளேன்னு நானும் சேந்து தலையாட்டுனேன். என்ன மன்னிச்சிரு." சொல்லிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்து, அதே கையோடு பிரியாணிச் சட்டியின் துணியை அவிழ்த்தார்.

நெய்யும் புதினாவும் கலந்து ஆளைத் தூக்கும் வாசனை நடைபாதையெல்லாம் பரவிற்று. மருந்து வாங்க வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நெல்லையப்பன் அந்தப் பலகையை ஒரு தடவை பார்த்தார், பிறகு உள்ளே போய்த் தட்டுகள் எடுத்து வந்தார். நபீசா பெஞ்சில் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்து தின்றாள். இரண்டாவது தடவை கறி கேட்டபோது சபீதா என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மதார் போனோடு தவித்துக்கொண்டிருந்தார். "குரூப்புல என்ன போட?"

"அஞ்சுன்னு போடுங்க மாமா" என்றாள் நபீசா, வாயில் சோற்றோடு. "நார்சா கெடையாதுன்னும் போடுங்க."

மறுநாள் ஞாயிறு. விடுமுறையானாலும் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு போன் செய்துவிடுவது எங்கள் வழக்கம். காலை ஒன்பது மணிக்கு என் சமையலறையில் நின்றுகொண்டு கூப்பிட்டேன். கடலில் பந்து போய்விட்டதாம். ஷமீம் மாமி காயல்பட்டினம் போய்ச் சேரும் வரைக்கும் குறட்டையாம். ஒருத்தரும் எண் கேட்கவில்லையாம்.

"நான் கேக்கலாமா?" என்றேன்.

"கேளுங்க."

"இன்னைக்கு எத்தனை?"

உடனே பதில் வரவில்லை. யோசிக்கிறாள் என்று தெரிந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"நாலரை."

"அரையெல்லாம் கிடையாதும்மா. எங்க படிவத்துல முழு நம்பருக்குத்தான் கட்டம் இருக்கு."

"அப்போ கட்டத்த மாத்துங்க மேடம். நாலுன்னு சொன்னா பொய்யி. அஞ்சுன்னு சொன்னாலும் பொய்யி. எனக்கு நாலரைதான்."

படிவத்தின் ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே நாலரை என்று எழுதினேன். பிறகு போனை வைத்துவிட்டு, சமையலறையில் தனியாக நின்றுகொண்டு, பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சிரித்தேன்.